வானில் வரும் மருத்துவமும் அதன் விலையும்

பறவையைக் கண்டு பறக்க விரும்பிய மனிதன், பறக்கக் கற்ற பின் அக்கலையைப் போருக்குப் பயன்படுத்தினான். ஆயினும் அதே போர்க்களத்தில்தான் பறக்கும் பொறி உயிர் காக்கவும் கற்றுக்கொண்டது. 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரில், காயமுற்ற வீரர்களை ஹெலிகாப்டர்கள் மலைகளைத் தாண்டி மருத்துவ முகாம்களுக்குச் சுமந்து சென்றன. வியட்நாம் போரில் இப்பணி மேலும் விரைவு பெற்றது. பின்னர் இது போர்க்களத்தை விட்டு நகரத்துக்கு வந்தது.

நான் பொருளியல் பயிலும் மாணவன். மருத்துவம் என் துறையன்று. ஆயினும் பொது நிதியியல் பாடத்தில், "எதற்கு அரசு செலவிட வேண்டும், எதைத் தனியாரிடம் விட வேண்டும்" என்ற பகுதியைப் படித்தபோது ஒரு செய்தி என்னைத் திகைக்க வைத்தது. உலகின் செல்வமிக்க நகரங்களுள் ஒன்று இலண்டன். அங்கே 1948 முதல் எல்லா மக்களுக்கும் அரசு மருத்துவம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அத்தகைய நகரில், சாலையில் அடிபட்டுக் கிடப்பவனிடம் மருத்துவரைக் கொண்டு சேர்க்கும் ஹெலிகாப்டர் மட்டும் பெரும்பாலும் பொதுமக்களின் நன்கொடையில் பறக்கிறது! இது முறைதானா? அந்த ஹெலிகாப்டர் உண்மையில் எவ்வளவு உயிர்களைக் காக்கிறது? அதன் செலவை யார் ஏற்பது? இவ்வினாக்களுக்கு நான் தேடிக் கண்ட விடைகளை இங்கே தருகிறேன்.

இலண்டனில் தோன்றிய வரலாறு

1988ஆம் ஆண்டு இங்கிலாந்தின் அரச அறுவை மருத்துவர் கல்லூரி ஓர் அறிக்கை வெளியிட்டது. கடுங்காயமுற்று இறந்தோரின் வரலாறுகளை ஆராய்ந்த மருத்துவர்கள், அவ்விறப்புகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தவிர்த்திருக்கக் கூடியவை என்ற முடிவுக்கு வந்திருந்தனர். தக்க மருத்துவர் தக்க நேரத்தில் கை வைத்திருந்தால் பிழைத்திருக்கக் கூடியவர்கள் அவர்கள். அந்த அறிக்கை உண்டாக்கிய அதிர்ச்சியின் விளைவாக 1989ஆம் ஆண்டில் இலண்டன் வான் ஆம்புலன்சு தொடங்கப்பெற்றது. முதல் ஹெலிகாப்டருக்குப் பொருள் தந்தது 'எக்ஸ்பிரஸ்' செய்தித்தாள் நிறுவனம். 1990 முதல் நகரின் கிழக்குப் பகுதியான ஒயிட்சாப்பலில் உள்ள இராயல் இலண்டன் மருத்துவமனையின் கூரையே அதன் தளமாயிற்று. இன்று அத்தளம் புதிய கட்டடத்தின் பதினேழாம் மாடியின் உச்சியில் உள்ளது.

கிராமத்துக்கு ஹெலிகாப்டர் ஏன் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை, தொலைவு அதிகம். தெருவுக்குத் தெரு ஆம்புலன்சு நிற்கும் நகரத்துக்கு ஏன் வேண்டும்? நகரத்தில் தொலைவு குறைவு, நேரமோ அதிகம். மாலை வேளையில் வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும் சாலையில் ஐந்து மைல் என்பது அரை மணி நேரப் பயணம். இலண்டனைச் சூழ்ந்து வளைந்து செல்லும் எம்-25 நெடுஞ்சாலைக்கு உட்பட்ட எந்த இடத்துக்கும் இந்த ஹெலிகாப்டர் ஏறத்தாழப் பத்துப் பதினொரு நிமிடங்களுக்குள் சென்றுவிடுகிறது. ஒரு டென்னிஸ் ஆடுகளம் அளவு வெட்டவெளி கிடைத்தால் போதும். பூங்காவிலோ பள்ளி மைதானத்திலோ நாற்சந்தியிலோ இறங்கிவிடும்.

பறப்பது யாருக்காக?

நம்மில் பலரும் எண்ணுவது போல இந்த ஹெலிகாப்டரின் முதற்பணி நோயாளியைத் தூக்கிச் செல்வதன்று. மருத்துவரைத் தூக்கிச் செல்வதே ஆகும். காயமுற்றோருள் பெரும்பாலோர் சிகிச்சைக்குப் பின் சாதாரண ஆம்புலன்சிலேயே மருத்துவமனைக்குச் செல்கின்றனர். வானில் வந்த மருத்துவரும் அவர்களுடன் அதே வண்டியில் ஏறிக்கொள்கிறார்.

பால்டிமோர் நகரில் பணியாற்றிய ஆடம்ஸ் கௌலி என்னும் அறுவை மருத்துவர், காயத்துக்குப் பிந்திய முதல் ஒரு மணி நேரத்தைப் 'பொன்னான மணி' என்று குறித்தார். அந்த நேரத்துக்குள் காயமுற்றவனை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்பது பழைய முறை. மருத்துவமனையின் ஒரு பகுதியையே காயமுற்றவனிடம் கொண்டு சேர்ப்பது இலண்டனில் வளர்ந்த முறை. விமானிகளுடன் ஒரு மருத்துவரும் ஒரு துணை மருத்துவப் பணியாளரும் செல்கின்றனர். தெருவோரத்திலேயே மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழலில் குழாய் செலுத்தி, மூச்சு நிலைபெறச் செய்கின்றனர். கத்திக்குத்தால் இதயம் நின்றுபோனவனின் மார்பை அங்கேயே திறந்து, இதயத்தைச் சூழ்ந்து கட்டிய இரத்தத்தை அகற்றி அதனை மீண்டும் துடிக்க வைக்கும் அறுவையில் 1993ஆம் ஆண்டு வெற்றி கண்டனர். 2012 முதல் ஹெலிகாப்டரிலேயே இரத்தத்தைக் கொண்டு செல்கின்றனர். 2014ஆம் ஆண்டில், தொடையின் இரத்தக் குழாய் வழியே ஒரு சிறு பலூனை உடலின் பெருந்தமனிக்குள் செலுத்தி, அதை ஊதிப் பெருக்கி உள்ளே நிகழும் பெருக்கை அடைக்கும் முறையைச் சாலையிலேயே செய்தனர்.

இரவில் மின்கம்பிகளும் மரக்கிளைகளும் கண்ணுக்குத் தெரியாமையால் ஹெலிகாப்டர் இறங்குவது ஆபத்து. ஆகவே இருட்டிய பின் அதே குழுவினர் விரைவுக் கார்களில் செல்கின்றனர். பொறி மாறினாலும் மருத்துவம் மாறுவதில்லை. ஹெலிகாப்டர் என்பது கருவி. அதில் அமர்ந்திருக்கும் திறமையே பொருள். இதனை மனத்திற் கொண்டால்தான் செலவைப் பற்றிய வாதம் தெளிவாகும்.

கணக்கு என்ன சொல்கிறது?

உயிருக்கு விலை பேசலாமா என்று சிலர் கேட்கக்கூடும். ஆனால் ஒரே பணத்தை இரண்டு இடங்களில் செலவிட முடியாது. ஹெலிகாப்டருக்குப் போகும் பணம் பல சாதாரண ஆம்புலன்சுகளுக்கும் போகலாம்; தீவிர சிகிச்சைப் படுக்கைகளுக்கும் போகலாம். அங்கேயும் காத்திருப்பவை உயிர்களே. ஆகவே கணக்குப் பார்ப்பது இரக்கமின்மை ஆகாது.

1995ஆம் ஆண்டு ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட முடிவு அன்று பெரும் விவாதத்தைக் கிளப்பியது. இலண்டன் ஹெலிகாப்டர் கவனித்த எல்லா நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தால், அதனால் பிழைப்போர் எண்ணிக்கை கூடியதற்குச் சான்று இல்லை என்றனர். மிகக் கடுமையாகக் காயமுற்றோரிடம் மட்டும் பயன் தெரிந்தது. அதுவும் மாதத்துக்கு ஏறத்தாழ ஓர் உயிர் என்று மதிப்பிட்டனர்.

வேறொரு நாட்டுக் கணக்கு வேறு விதமாக அமைந்தது. 2012ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவக் கழக இதழில் வந்த ஆய்வு, 2,23,475 நோயாளிகளின் பதிவுகளை ஒப்பிட்டது. முதல் நிலை விபத்து மருத்துவ மையங்களுக்கு ஹெலிகாப்டரில் கொண்டு செல்லப்பட்ட கடுங்காய நோயாளிகளில், 65 பேருக்கு ஒருவர் வீதம் கூடுதலாகப் பிழைத்தனர் என்பது அதன் மதிப்பீடு.

இவ்விரு ஆய்வுகளும் முரண்படுவன போலத் தோன்றினும், எனக்கு இவை ஒரே பாடத்தையே கற்பிக்கின்றன. யாரிடம் அனுப்புகிறோம் என்பதில்தான் ஹெலிகாப்டரின் மதிப்பு அடங்கியுள்ளது. கால் முறிந்தவனிடம் அனுப்பினால் அது வீண் செலவு. உள்ளே இரத்தம் பெருகிக்கொண்டிருப்பவனிடம் அனுப்பினால் அது மறுபிறப்பு. இலண்டன் ஆம்புலன்சுத் துறைக்கு ஒரு நாளில் 5,000க்கும் மேற்பட்ட அழைப்புகள் வருகின்றன. அக்கட்டுப்பாட்டு அறையில் வான் ஆம்புலன்சின் துணை மருத்துவப் பணியாளர் ஒருவர் அமர்ந்து அழைப்புகளை ஆராய்கிறார். சராசரியாக நாளொன்றுக்கு ஐந்து நோயாளிகளே அவருடைய தேர்வில் இக்குழுவிடம் சேர்கின்றனர். அவர் செய்யும் தேர்வு, விமானியின் திறமைக்குச் சற்றும் குறைந்ததன்று.

அடிபட்டவர் போய்ச் சேரும் இடமும் தகுதியுடையதாக இருத்தல் வேண்டும். 2010ஆம் ஆண்டு இலண்டனில் நான்கு மருத்துவமனைகள் பெருங்காய மையங்களாக ஒழுங்கமைக்கப்பட்டன. அத்தகைய மையம் இல்லாத ஊரில் ஹெலிகாப்டர் மட்டும் பறந்தால், அது கிணறு வெட்டாமல் கயிறும் வாளியும் வாங்கியது போலாகும்.

பறப்பதில் ஆபத்தும் உண்டு. 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் மேரிலாண்டு மாநிலத்தில், கார் விபத்தில் காயமுற்ற இருவரை ஏற்றிச் சென்ற ஹெலிகாப்டர் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த ஐவருள் நால்வர் மாண்டனர். தேவையின்றிப் பறப்பதற்கு விலை பணம் மட்டுமன்று.

யார் பொறுப்பு?

இனிச் செலவை ஏற்கும் முறைகளைக் காண்போம். நான் அறிந்தவரை நான்கு முறைகள் உள்ளன.

முதலாவது நன்கொடை முறை. இலண்டனிலும் இங்கிலாந்தின் பெரும்பாலான பகுதிகளிலும் நிலவுவது இதுவே. மருத்துவரையும் துணை மருத்துவப் பணியாளரையும் தருவதில் அரசு மருத்துவத் துறைக்குப் பங்கு உண்டு. ஹெலிகாப்டருக்கும் அதன் பராமரிப்புக்கும் அறநிறுவனம் பொருள் திரட்ட வேண்டும். வாரந்தோறும் ஒரு சிறு தொகை செலுத்திச் சேரும் பரிசுச் சீட்டுகள், ஓட்டப் பந்தயங்கள், உண்டியல்கள், உயில் கொடைகள் எனப் பல வாய்க்கால்களில் பணம் வந்து சேர்கிறது. பழைய ஹெலிகாப்டர்கள் இரண்டுக்கு மாற்றாகப் புதியன வாங்க 1 கோடியே 50 இலட்சம் பவுன் வேண்டி இயக்கம் நடத்தினர், மக்கள் கொடுத்தனர், 2024இல் புதிய ஹெலிகாப்டர்கள் பறந்தன.

இரண்டாவது காப்பீட்டு முறை. 1969ஆம் ஆண்டு ஜெர்மனியில் பியோர்ன் ஸ்டைகர் என்னும் எட்டு வயதுச் சிறுவன் சாலை விபத்தில் அடிபட்டான். ஆம்புலன்சு வர ஏறத்தாழ ஒரு மணி நேரமாயிற்று. அவன் மருத்துவமனை செல்லும் வழியிலேயே இறந்தான். பெற்றோர் அழுது ஓயவில்லை; அவன் பெயரால் அறக்கட்டளை நிறுவி அவசர உதவிக்காகப் போராடினர். மறு ஆண்டே, 1970 நவம்பர் 1ஆம் நாள், 'கிறிஸ்டாப் 1' என்னும் மீட்பு ஹெலிகாப்டர் மியூனிக் நகரில் பணி தொடங்கியது. அந்நாட்டில் மக்கள் மாதந்தோறும் செலுத்தும் நோய்க் காப்பீட்டு நிதியிலிருந்தே இத்தகைய பறப்புகளுக்குக் கட்டணம் செல்கிறது.

மூன்றாவது தனி வரி முறை. மேரிலாண்டில் 1970 முதல் மாநிலக் காவல் துறை ஹெலிகாப்டர்கள் விபத்துற்றோரைச் சுமந்து வருகின்றன. ஒவ்வொரு மோட்டார் வண்டியும் பதிவு செய்யப்படும்போது விதிக்கப்படும் ஒரு சிறு கூடுதல் கட்டணம் இதற்கு நிதியாகிறது. பறந்த நோயாளியிடம் தனியே கட்டணம் கேட்பதில்லை.

நான்காவது, ஏறியவனே கொடுக்கும் முறை. அமெரிக்காவின் பல பகுதிகளில் தனியார் நிறுவனங்கள் இத்தொழிலை நடத்துகின்றன. அந்நாட்டுத் தணிக்கை அலுவலகத்தின் கணக்குப்படி, 2017இல் ஒரு ஹெலிகாப்டர் பயணத்துக்குக் கேட்கப்பட்ட இடைநிலைக் கட்டணம் ஏறத்தாழ 36,400 டாலர்! உயிர் பிழைத்து வீடு திரும்பியவன் கடனில் மூழ்கினான். 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், காப்பீடு உள்ளவர்களிடம் இவ்வாறு எதிர்பாராத மிகுதித் தொகை கேட்பதைத் தடுத்தது.

என் கருத்து

இந்த நான்கினுள் நான்காவதே மிகவும் பொருந்தாதது. காரணம் பொருளியலிலேயே உள்ளது. ஹெலிகாப்டர் பறந்தாலும் பறக்காவிட்டாலும் விமானிக்கும் பொறியாளருக்கும் தளத்தின் தீயணைப்பு வீரருக்கும் ஊதியம் கொடுத்தே ஆக வேண்டும். செலவில் பெரும்பகுதி 'தயாராக நிற்பதற்கான' செலவு. அந்த முழுச் சுமையையும் அடிபட்ட சிலரின் தலையில் ஏற்றினால், சீட்டு மலைபோல் உயரும். மேலும் நினைவிழந்து கிடப்பவன் விலை கேட்டு வாங்குபவன் அல்லன். தயாராக நிற்கும் பயனோ நகரத்தார் அனைவருக்கும் உரியது. நாளை யார் என்று இன்று எவரும் அறியார். ஆகவே அனைவரும் முன்கூட்டியே சிறிது சிறிதாகக் கொடுப்பதே நேர்மை. காப்பீடும் தனி வரியும் இதனைச் செய்கின்றன.

நன்கொடை முறையை நான் இகழ மாட்டேன். தாம் என்றும் காணாத ஒருவனுக்காக வாரந்தோறும் காசு ஒதுக்கும் மனிதரின் உள்ளம் போற்றத்தக்கது. தம்முடைய பணம் இருந்தமையால் புதியன செய்து பார்க்கும் உரிமையும் இலண்டன் குழுவினருக்குக் கிட்டியது. ஆயினும் நன்கொடை மழையைப் போன்றது. பெய்யும் ஆண்டும் உண்டு, பொய்க்கும் ஆண்டும் உண்டு. வசதியுள்ள வட்டாரத்தில் உண்டியல் நிறையும். ஏழை வட்டாரத்தில் நிறையாது. சிவந்த ஹெலிகாப்டரைக் கண்டு கொடுப்பவர் பலர். பிழைத்தவன் மீண்டும் நடக்கக் கற்கும் பயிற்சிக் கூடத்துக்குக் கொடுப்பவர் சிலரே. கண்ணுக்குத் தெரியும் அறம் செழிக்க, தெரியாத அறம் வாடும்.

ஆகவே எனக்குத் தோன்றும் வழி இதுதான். முதலில் சாதாரண ஆம்புலன்சும் பெருங்காய மருத்துவமனையும் அரசின் செலவில் குறைவின்றி அமைய வேண்டும். அதன் பின், மருத்துவரைச் சுமக்கும் ஹெலிகாப்டர் நாள்தோறும் தயாராக நிற்பதற்கான செலவை, வண்டிப் பதிவுக் கட்டணம் போன்ற உறுதியான பொது நிதி ஏற்க வேண்டும். புதிய கருவிகளுக்கும் பயிற்சிக்கும் ஆய்வுக்கும் நன்கொடை துணை நிற்கலாம். ஆண்டுதோறும் எத்தனை பேர் பிழைத்தனர் என்ற கணக்கும் வெளியிடப்பட வேண்டும். கொடுப்பவருக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு.

மாணவ நண்பர்களே! தீயணைப்பு வண்டியை நாம் யாரும் தருமம் என்று கருதுவதில்லை; அது நம் உரிமை என்றே கருதுகிறோம். சாலையில் இரத்தம் சிந்திக் கிடப்பவனிடம் மருத்துவர் வந்து சேர்வதும் அவ்வாறே கருதப்பட வேண்டும். அவர் எந்த வழியில் வருகிறார் என்பதை ஊரின் நிலையும் கணக்கும் முடிவு செய்யட்டும். வருவாரா என்பதை மட்டும் உண்டியலின் நிறைவு முடிவு செய்யக் கூடாது.