பேர் மெட்டலா... வெர்ச்சுவலா? சித்தப்பா ஸ்டுடியோவும் ஒரு பழைய பெட்டியும்!

உங்க வீட்டுப் பரண்ல ஒரு பழைய கம்ப்யூட்டர் தூசி படிஞ்சு தூங்கிட்டிருக்கா? அதைத் தட்டி எழுப்பி 'ஹோம் சர்வர்' ஆக்கணும்னு ஐடியா இருக்கா? ஒரு நிமிஷம்... அதுக்கு முன்னாடி என் கதையைக் கேட்டுடுங்க!

எனக்கு ஊர் அனந்தபுரம். காலேஜ்ல இதைச் சொன்னா, "ஓ... ஆந்திராவா?" என்பார்கள். இல்லை பாஸ், இது விழுப்புரம் மாவட்டம், செஞ்சி பக்கத்துல இருக்கிற அனந்தபுரம். அங்கே எங்க சித்தப்பா போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எதுவானாலும் கேமராவோடு கிளம்பிவிடுவார். ஃபிலிம் ரோல் காலத்தில் நெகட்டிவை கவரில் போட்டு பெயர் எழுதி வைத்தவர், டிஜிட்டல் வந்ததும் அதே பழக்கத்தில் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதி பீரோவில் அடுக்க ஆரம்பித்தார். இப்போதெல்லாம் ஒரு கல்யாணத்துக்கே முந்நூறு ஜிபி வரை போகிறது. பீரோ நிரம்பாம என்ன செய்யும்?

2024 நவம்பர் 30 ராத்திரி ஞாபகம் இருக்கா? ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துட்டு, நகர மாட்டேன்னு அடம்பிடிச்சு நின்னுச்சே... அதே ராத்திரிதான். எங்க மாவட்டத்து மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. சித்தப்பா ஸ்டுடியோவுக்குள் தண்ணீர் புகுந்து, பீரோவின் அடித்தட்டு முழுகிவிட்டது. அதில் இருந்தவை மூன்று டிஸ்க்குகள். கரன்ட் திரும்பி வர நாலு நாள் ஆச்சு. வந்ததும் சித்தப்பா என்ன செய்தார் தெரியுமா? துணியால் துடைத்து, 'வேலை செய்யுதா பார்ப்போம்' என்று மாட்டிவிட்டார். தண்ணீர் பட்ட டிஸ்க்குக்கு கரன்ட் கொடுக்கிறது மாதிரி தப்பு வேற இல்லை, தயவுசெஞ்சு ஞாபகம் வெச்சுக்குங்க. ரெண்டு டிஸ்க் மூச்சே விடலை. மூணாவது 'டிக்... டிக்...' என்று தலையில் அடித்துக்கொண்டு நின்றுபோனது.

அடுத்த மாசமே ஒரு குடும்பம் வந்தது. தாத்தா தவறிவிட்டார். காரியத்துக்குப் பெரிய படம் போட வேண்டும். பேத்தி கல்யாணத்தில் அவர் மைக் பிடித்துப் பாடியதை சித்தப்பாதான் வீடியோ எடுத்திருந்தார். அவர்களிடம் இருந்த ஆல்பத்திலோ, ஒரே ஒரு குரூப் போட்டோவில் ஓரமாக நிற்கிறார், அவ்வளவுதான். டேட்டா ரெக்கவரிக்காக டிஸ்க்கை சென்னைக்கு அனுப்பிப் பார்த்தோம். 'தட்டிலேயே கீறல், ஒண்ணும் எடுக்க முடியாது' என்று திரும்பி வந்தது. அந்தக் குடும்பம் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் சித்தப்பாவால் தாங்க முடியவில்லை.

"நீதான் இன்ஜினீயரிங் படிக்கிறியே பாப்பா, இதுக்கு ஒரு வழி பண்ணேன்" என்றார். நான் படிப்பது மெக்கானிக்கல் என்பதெல்லாம் அவருக்கு ஒரு மேட்டரே இல்லை!

சரின்னு களத்துல இறங்கினேன். ஸ்டுடியோவின் பழைய எடிட்டிங் பெட்டி கிடைத்தது. நாலாம் தலைமுறை ஐ-5, 16 ஜிபி ராம். புதுசா ரெண்டு 4 டிபி டிஸ்க் வாங்கினோம். டிஸ்க் வாங்கறப்போ ஒரு விஷயம் பாருங்க... 'எஸ்எம்ஆர்' வகை டிஸ்க்கில் தடங்களை ஓட்டு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக எழுதுவார்கள். ஒரு இடத்தை மாற்றி எழுத, பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும். சர்வருக்கு 'சிஎம்ஆர்' வகைதான் நல்லது. 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல், சர்வருக்கென்றே விற்ற ரெட் டிஸ்க்குகள் சிலவற்றில் சொல்லாமல் எஸ்எம்ஆரைப் போட்டது வெளியே தெரிந்து பெரிய பஞ்சாயத்தே நடந்தது. அதனால டேட்டா ஷீட்டைப் படிச்சுட்டுக் காசைக் கொடுங்க.

இப்போ மெயின் பிக்சர்! ஸ்டோரேஜ் சாஃப்ட்வேர் என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது ட்ரூநாஸ். 2005-ல் ஃப்ரீநாஸ் என்ற பெயரில் பிறந்து, 2020-ல் பெயர் மாற்றிக்கொண்ட இலவச சாஃப்ட்வேர். உள்ளே இருப்பது இசட்எஃப்எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியில் உருவாகி 2005-ல் ஓப்பன் சோர்ஸாக வெளிவந்த ஃபைல் சிஸ்டம். ஒவ்வொரு துண்டு டேட்டாவுக்கும் ஒரு கணக்கு போட்டு வைத்து, படிக்கும்போது சரிபார்க்கும். ஒரு டிஸ்க்கில் இருக்கும் காப்பி கெட்டுப்போயிருந்தால், அடுத்த டிஸ்க்கில் இருந்து எடுத்து தானே சரிசெய்துகொள்ளும். போட்டோ ஸ்டுடியோவுக்கு வேற என்ன வேணும்?

இதை எங்கே உட்கார வைப்பது என்பதுதான் கேள்வி. நேரா பெட்டியிலேயே இன்ஸ்டால் பண்ணினா 'பேர் மெட்டல்'. தனி வீடு மாதிரி. பெட்டியில் முதலில் ப்ராக்ஸ்மாக்ஸ் போன்ற ஒன்றைப் போட்டு, அதற்குள் பொய்யாக ஒரு கம்ப்யூட்டரை உருவாக்கி, அதில் ட்ரூநாஸைக் குடிவைத்தால் 'வெர்ச்சுவல்'. ஒண்டுக் குடித்தனம்! இந்த ஐடியா புதுசு இல்லை. 1960-களிலேயே ஐபிஎம் தன் பெரிய மெஷின்களில் செய்து பார்த்ததுதான். 2007-ல் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே கேவிஎம் வந்தது. அடுத்த வருஷம் ப்ராக்ஸ்மாக்ஸ் வந்தது. அப்புறம் வீட்டுக்கு வீடு ஆள் ஆளுக்குக் கட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் எதைத் தேர்ந்தெடுத்திருப்பேன்? ஒண்டுக் குடித்தனம்தான்! ஒரே பெட்டியில் சித்தப்பா போட்டோ ஒரு பக்கம், படம் பார்க்க ஜெல்லிஃபின் ஒரு பக்கம், என் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு லினக்ஸ், ஹாஸ்டல் கேங்குக்கு ஒரு மைன்கிராஃப்ட் சர்வர்... ஆசை யாரை விட்டது? ஒரு ஞாயித்துக்கிழமையில் எல்லாத்தையும் ஏத்தி முடிச்சு, கெத்தா பஸ் ஏறி ஹாஸ்டலுக்கு வந்துட்டேன்.

மே மாசம், விடியற்காலை அஞ்சு மணி. போன். "பாப்பா, பெட்டி தொறக்க மாட்டேங்குதும்மா. ஏழரைக்கு முகூர்த்தம். நேத்து நிச்சயதார்த்தத்துல எடுத்தது எல்லாம் அதுலதான் இருக்கு. மண்டபத்துல ஸ்க்ரீன்ல ஓட்டணும்னு கேக்கறாங்க."

ராத்திரி கரன்ட் போய், இன்வெர்ட்டரும் தீர்ந்து, பெட்டி அணைந்து, திரும்ப எழுந்திருக்கிறது. ப்ராக்ஸ்மாக்ஸ் எழுந்துவிட்டது. உள்ளே இருந்த ட்ரூநாஸ் எழவில்லை. காரணம் ரொம்ப சிம்பிள். 'பெட்டி ஆன் ஆகும்போது இதையும் ஆன் பண்ணு' என்று ஒரு டிக் போட வேண்டும். தானாக விழாது அந்த டிக். நான் போடவில்லை. போனில் வழி சொன்னேன்... பிரவுசரைத் திறங்க, இந்த நம்பர் அடிங்க, கடைசில 8006, சிவப்பா எச்சரிக்கை வரும், பயப்படாதீங்க, பாஸ்வேர்டு பெரிய எழுத்து... அந்தப் பக்கம் மண்டபத்தில் நாதஸ்வரம். சித்தப்பா, "விடும்மா, நான் பார்த்துக்கறேன்" என்று போனை வைத்துவிட்டார். அந்த 'பார்த்துக்கறேன்' இருக்கே... அதுக்கு ரெண்டு திட்டு திட்டியிருக்கலாம்.

அந்த வார லீவில் ஊருக்குப் போய், செய்ததை எல்லாம் முதலிலிருந்து பார்த்தேன். வயிறு கலங்கியது. ட்ரூநாஸுக்கு ரெண்டு டிஸ்க் கொடுத்து 'மிர்ரர்' போட்டிருந்தேன் இல்லையா? அந்த ரெண்டுமே நான் உருவாக்கிய பொய் டிஸ்க்குகள். ரெண்டையும் ஒரே நிஜ டிஸ்க்கின் மேல் வைத்திருந்தேன்! இன்னொரு நிஜ டிஸ்க்கை மைன்கிராஃப்ட் கோஷ்டி ஆக்கிரமித்திருந்தது. முதல் டிஸ்க் போயிருந்தா ரெண்டு காப்பியும் ஒண்ணாவே போயிருக்கும். ட்ரூநாஸுக்கு இது தெரிய வழியே இல்லை. நிஜ டிஸ்க் எவ்வளவு சூடாக இருக்கிறது, செக்டர்கள் சாகின்றனவா என்று எதுவும் அதன் கண்ணில் படாது.

இன்னொரு கூத்து... ஸ்பீடுக்காக கேஷ் செட்டிங்கில் 'அன்சேஃப்' என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தேன். பெயரிலேயே ஆபத்து என்று எழுதி வைத்திருக்கிறார்கள், படிச்சவதான் படிக்கலை! இசட்எஃப்எஸ் 'டிஸ்க்கில் எழுதியாச்சா?' என்று கேட்டால், எழுதாமலேயே 'ஆச்சு ஆச்சு' என்று சொல்லிவிடும் செட்டிங் அது. கரன்ட் சட்டென்று போனால், எழுதாமல் இருந்தது அத்தனையும் காலி. மொத்த டேட்டாவும் திறக்காமல் போகிற ஆபத்தும் இருக்கிறது. அன்றைக்கு எதுவும் போகாமல் இருந்தது என் திறமை இல்லை.

அப்போ வெர்ச்சுவலே தப்பா? இல்லைங்க. சரியா செய்ய ஒரு வழி இருக்கு. டிஸ்க்குகள் மாட்டியிருக்கும் கன்ட்ரோலரையே முழுசாக உள்ளே இருக்கும் ட்ரூநாஸிடம் ஒப்படைத்துவிடுவது. 'பாஸ்த்ரூ' என்பார்கள். அப்போது அது நிஜ டிஸ்க்கையே தொடும். இதற்கு ப்ராசஸரிலும் போர்டிலும் விடி-டி வசதி வேண்டும், ஏஎம்டி-யில் ஏஎம்டி-விஐ. ப்ராக்ஸ்மாக்ஸ் இருக்கிற டிஸ்க் வேறு கன்ட்ரோலரில் இருக்க வேண்டும். இல்லையென்றால் உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டிக் கொடுத்த கதை. அதற்காகவே பழைய எல்எஸ்ஐ கார்டுகளை 'ஐடி மோடு'க்கு மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். நன்றாகச் சூடாகும், ஃபேன் வையுங்க. இப்படிக் கொடுத்துவிட்டால் ட்ரூநாஸுக்கு ஒதுக்கிய ராம் அதற்கே பூட்டு. மற்றவர்களோடு பங்கு போட முடியாது. எங்க பெட்டியில் மொத்தமே 16. ட்ரூநாஸ் குறைந்தபட்சம் 8 கேட்கிறது. அதைவிட முக்கியம், எங்க போர்டின் பயாஸில் விடி-டி ஆப்ஷனே இல்லை. கதை முடிஞ்சுது.

நடுவழி ஒன்றும் உண்டு. ப்ராக்ஸ்மாக்ஸுக்கே இசட்எஃப்எஸ் தெரியும். டிஸ்க்குகளை அதனிடமே விட்டுவிட்டு, சின்னதாக ஒரு கன்டெய்னரில் சாம்பா போட்டு ஃபோல்டரைப் பகிரலாம். கமாண்ட் அடிக்கப் பயப்படாதவர்களுக்கு இது செம சாய்ஸ். நான் இதையும் யோசித்தேன். ஆனால், அஞ்சு மணி போன் வந்தால் எடுத்துச் சரிசெய்யப்போவது நான் இல்லையே, சித்தப்பாதானே! பெட்டி பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

ஸோ, பேர் மெட்டல்! எல்லாத்தையும் துடைத்துவிட்டு ட்ரூநாஸை நேரடியாக ஏற்றினேன். ரெண்டு நிஜ டிஸ்க், நிஜ மிர்ரர். கரன்ட் போய் வந்தால் பெட்டி தானே எழும், ஃபோல்டர் தானே திறக்கும். யூஎஸ்பி கேபிள் உள்ள சின்ன யூபிஎஸ் ஒன்றும் சேர்த்தோம். பேட்டரி தீரப்போகுதுன்னா சர்வருக்குத் தகவல் போய், ஒழுங்காக ஷட்டவுன் ஆகிவிடும். 2024 அக்டோபரில் வந்த வெர்ஷனிலிருந்து ட்ரூநாஸிலேயே டாக்கர் ஓடுவதால் ஜெல்லிஃபினும் பிழைத்தது. நாளைக்குப் பெட்டியே எரிந்துபோனாலும் டிஸ்க்கைக் கழற்றி இசட்எஃப்எஸ் உள்ள வேறு லினக்ஸ் மெஷினில் மாட்டினால் அப்படியே வந்துவிடும். என் ரூம்மேட் பெட்டியில் ஒரு டிஸ்க்கை மாட்டி டெஸ்ட்டும் பண்ணிட்டேன். மைன்கிராஃப்ட் கேங் மட்டும் இன்னும் என்னோட பேசலை.

கரன்ட் பில் பயமா? எங்க பெட்டி சராசரியா 40 வாட் இழுக்குது. மாசத்துக்கு சுமார் 29 யூனிட், ரெண்டு மாச பில்லில் 58. வீட்டு இணைப்புக்கு 2025-ல் இலவசமாகக் கிடைத்த 100 யூனிட்டில் பாதிக்கு மேல் காலி! சித்தியிடம் இதை இன்னும் யாரும் சொல்லவில்லை.

மிர்ரர் இருக்கேன்னு தூங்கிடாதீங்க. ஃபைலைத் தப்பா அழிச்சா, ரெண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் அழியும். 1998-ல் பிக்ஸார் ஸ்டுடியோவில் ஒரு தப்பான கமாண்டால் 'டாய் ஸ்டோரி 2' படமே அழிய ஆரம்பித்தது. பேக்கப்பைத் தேடினால் அதுவும் சரியாக வேலை செய்யவில்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற டெக்னிக்கல் டைரக்டரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி இருந்ததால்தான் தப்பித்தார்கள். மூணு காப்பி, ரெண்டு வகை மீடியா, ஒண்ணு வேற இடத்துல... இந்த 3-2-1 ஃபார்முலாவைச் சொன்ன பீட்டர் க்ரோ ஒரு போட்டோகிராஃபர்! இதைச் சொன்னதும் சித்தப்பாவுக்கு ஒரே பெருமை. "நம்மாளு!" என்றார்.

வேற இடத்துக்கு எங்கே போவது? செஞ்சியில் அத்தை வீடு, மாடி போர்ஷன். கோட்டையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நெற்களஞ்சியம் ராஜகிரியிலும் உண்டு, கிருஷ்ணகிரியிலும் உண்டு. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகை போட்ட கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது எங்க ஏரியாவே கொண்டாடியது. நெல்லை ஒரே இடத்தில் கொட்டி வைக்கக் கூடாதுன்னு அவங்களுக்கு யாரும் பவர்பாயின்ட் போட்டுக் காட்டலை!

மாசத்தின் முதல் ஞாயிறு, ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, டிபன் பாக்ஸுக்குள் போய், பஸ்ஸில் செஞ்சிக்குப் போகிறது. அங்கே இருந்த டிஸ்க் அதே பாக்ஸில் திரும்பி வருகிறது. லினக்ஸ் கத்துக்க ஆள் தேடறீங்கன்னா, எங்க பக்கத்திலேயே விழுப்புரம் க்னூ/லினக்ஸ் பயனர் குழு இருக்கு. கிராமத்துப் பசங்களுக்குன்னே கட்டற்ற மென்பொருள் சொல்லித் தர்றாங்க.

போன மாசம் அந்தத் தாத்தா குடும்பத்திலிருந்து மாப்பிள்ளை வந்திருந்தார். கல்யாணத்துக்கு வந்த நண்பர் ஒருவரின் மொபைலில் நாற்பது செகண்ட் க்ளிப் கிடைத்ததாம். ஆட்டம் காண்கிற வீடியோ, பின்னால் யாரோ சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற சத்தம், நடுவில் தாத்தா பாடுகிறார். சித்தப்பா அதை வாங்கி சர்வரில் தனி ஃபோல்டர் போட்டு வைத்தார். அப்புறம் எனக்குப் போன்.

"பாப்பா, இது செஞ்சி டிஸ்க்குலயும் ஏறிடுச்சா?"

"ஞாயித்துக்கிழமைதான் சித்தப்பா ஏறும்."

"ஞாயித்துக்கிழமை வரைக்குமா? நான் நாளைக்கே பஸ் ஏறிடறேன்" என்றார்.