நகராட்சிக் கட்டண வசூல் உரிமை ஏல ரத்து வழக்குகள்

உள்ளாட்சி அமைப்புகள் தமக்குரிய கட்டணங்களை வசூலிக்கும் உரிமையை ஏலம் அல்லது ஒப்பந்தப்புள்ளி மூலம் தனியாருக்கு அளிக்கின்றன. அந்த ஏலம் ரத்து செய்யப்படும்போது, உயர்ந்த தொகை கேட்டவருக்கும் உள்ளாட்சி அமைப்புக்கும் இடையே எழும் வழக்குகளே ஏல ரத்து வழக்குகள் ஆகும். ஏலத்தை ரத்து செய்யும் அதிகாரம் உள்ளாட்சி அமைப்புக்கு உண்டு. அந்த அதிகாரம் எந்தக் கட்டத்தில், எந்தக் காரணத்துக்காகப் பயன்படுத்தப்பட்டது என்பதே இவ்வழக்குகளின் மையக் கேள்வி.

வசூல் உரிமை

வாரச்சந்தை, தினசரி அங்காடி, பேருந்து நிலையம், வாகன நிறுத்தம், கட்டணக் கழிப்பிடம் ஆகியவற்றின் வசூல் பொதுவாக இம்முறையில் விடப்படுகிறது. சாலைப்பணி போன்ற ஒப்பந்தங்களில் குறைந்த தொகை கேட்பவருக்கு முன்னுரிமை கிடைக்கும். வசூல் உரிமையில் இது தலைகீழாகும். அதிகத் தொகை தருபவரே முந்துவார். அவர் நகராட்சிக்கு ஒரு நிலையான தொகையைச் செலுத்திவிட்டு, அறிவிக்கப்பட்ட கட்டண விகிதப்படி வசூலிப்பார். மிஞ்சுவது அவருக்கு லாபம். குறைந்தால் நட்டமும் அவருக்கே.

ஏற்புக்கு முன் ரத்து

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி ஏலக் கேள்வி ஒரு முன்மொழிவு மட்டுமே. தகுதியுள்ள அதிகாரி அதை ஏற்ற பிறகே ஒப்பந்தம் உருவாகிறது. ஆகவே உயர்ந்த தொகை கேட்டதாலேயே ஒருவருக்கு அந்த உரிமை கிடைத்துவிடாது. அரியானா நகர்ப்புற வளர்ச்சி ஆணையம் தொடர்பான ஆர்கிட் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017இல் இதை மீண்டும் உறுதிசெய்தது.

ஆனால் அரசமைப்பின் 14ஆம் உறுப்பு இக்கட்டத்திலும் பொருந்தும். உரிமையைக் கேட்டுப் பெற முடியாவிட்டாலும், நியாயமான பரிசீலனையைக் கேட்கலாம். போதிய போட்டியின்மை, ஏலதாரர்களின் கூட்டுச்சதி, நடைமுறைக் குறை ஆகியவை ஏற்கத்தக்க காரணங்கள். வேண்டியவருக்கு இடம் தருவதற்காகச் செய்யும் ரத்து தன்னிச்சையானது.

உல்லாஸ்நகர் வழக்கு

மகாராட்டிரத்தின் உல்லாஸ்நகர் மாநகராட்சி, நகருக்குள் வரும் சரக்குகள் மீதான ஆக்ட்ராய் வரியை வசூலிக்க முகவரை நியமிக்க ஒப்பந்தப்புள்ளி கோரியது. விண்ணப்பிக்கும் காலம் முடிந்த பிறகு, உறைகளைத் திறப்பதற்கு முன், சில தகுதி நிபந்தனைகள் நீக்கப்பட்டன. மோனார்க் இன்ஃப்ராஸ்டிரக்சர் வழக்கில் 2000ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஆட்டம் தொடங்கிய பின் விதியை மாற்றுவதற்கு இதை ஒப்பிட்டது. நிபந்தனையை மாற்ற வேண்டுமானால் புதிதாக ஒப்பந்தப்புள்ளி கோருவதே வழி என்றது. பழைய நிபந்தனைகளைப் பார்த்து விண்ணப்பிக்காமல் ஒதுங்கியவர்களுக்கும் அப்போதுதான் சம வாய்ப்பு கிடைக்கும். இங்கு ஏல நடைமுறையைப் புதிதாகத் தொடங்குவதே சட்டத்தின் தேவையாக இருந்தது.

ஏற்புக்குப் பின் ரத்து

ஏற்பு ஆணை வழங்கிய பிறகு நகராட்சியின் பொறுப்பு கூடுகிறது. கொல்கத்தா பெருநகர வளர்ச்சி ஆணையம் இரு சுரங்கப்பாதைகளைப் பராமரிக்கும் பொறுப்பையும், அங்கு விளம்பரம் வைத்து வருவாய் ஈட்டும் உரிமத்தையும் ஒப்பந்தப்புள்ளி மூலம் அளித்தது. பின்னர் ஒப்பந்தப்புள்ளியில் தொழில்நுட்பக் குறை இருப்பதாகக் கூறி ரத்து செய்தது. 2024 ஜூலை 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ரத்தைத் தன்னிச்சையானது எனத் தள்ளுபடி செய்தது. மறுபடி ஏலம் விட்டால் கூடுதல் பணம் வரலாம் என்ற வாய்ப்பு மட்டுமே பொதுநலன் ஆகிவிடாது என்பது இத்தீர்ப்பின் முக்கியக் கருத்து. இது கட்டண வசூல் வழக்கு அன்று. ஆயினும் வருவாய் உரிமங்கள் அனைத்துக்கும் இக்கருத்து பயன்படும்.

முன்வைப்புத் தொகை

ஏலத்தில் கலந்துகொள்பவர் கட்டும் டேவணித் தொகை, அவர் பின்வாங்காமல் இருப்பதற்கான பிணையாகும். அவர் தவறு செய்யாத நிலையில், நகராட்சியே ஏலத்தைக் கைவிட்டால் அத்தொகையைத் திருப்பித் தர வேண்டும். தில்லி வளர்ச்சி ஆணையத்துக்கு எதிரான கைலாஷ்நாத் வழக்கில் (2015), ஏலதாரரின் தவறின்றிப் பறிமுதல் செய்யப்பட்ட 78 லட்சம் ரூபாயைத் திருப்பித் தருமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

காலமும் இழப்பும்

பாதிக்கப்பட்டவர் அரசமைப்பின் 226ஆம் உறுப்பின் கீழ் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்யலாம். நீதிமன்றம் எது நல்ல முடிவு என்று தேர்ந்தெடுப்பதில்லை. முடிவெடுத்த முறையையே ஆராய்கிறது. 2006இல் ஜகதீஷ் மண்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு கேள்விகளை வகுத்தது: முடிவு தீய நோக்குடனோ தன்னிச்சையாகவோ எடுக்கப்பட்டதா? பொதுநலன் பாதிக்கப்படுகிறதா?

வசூல் உரிமை வழக்குகளில் காலம் ஒரு தனிச் சிக்கல். கட்டி முடிக்காத பாலத்தைப் பிறகு கட்டலாம். கடந்துபோன சந்தை நாளின் கட்டணத்தைப் பிறகு வசூலிக்க முடியாது. ஏப்ரலில் தொடங்க வேண்டிய ஓராண்டு உரிமைக்கு இடைக்காலத் தடை விழுந்து, டிசம்பரில் தீர்ப்பு வந்தால், வென்றவருக்கு மூன்று மாதங்களே மிஞ்சும். இடைப்பட்ட காலத்தில் பழைய குத்தகைதாரர் பழைய தொகைக்கே தொடர்ந்தால், நகராட்சிக்கு வருவாய் குறையும். யாரிடம் கட்டணம் செலுத்துவது என்ற குழப்பம் சந்தை வியாபாரிகளையும் தொடும். ரத்து ஆணையில் காரணத்தைத் தெளிவாக எழுதுவதும், அக்காரணம் கோப்பில் முன்பே பதிவாகியிருப்பதும் இந்த இழப்பைப் பெருமளவு தவிர்க்கும்.