'டேலன்ட்': ஒரு சொல்லின் பொருளும் வழக்கும்

இயல்பாக அமைந்த திறமையைச் சுட்ட ஆங்கிலத்தில் 'டேலன்ட்' என்னும் சொல் வழங்குகிறது. "உனக்கு அந்த டேலன்ட் இல்லை" என்று பெற்றோரும் ஆசிரியரும் எளிதாகக் கூறிவிடுகின்றனர். அரபு இலக்கணத்தில் தடுமாறிய ஒரு மாணவரிடம் நாமும் அவ்வாறு கூறியதுண்டு. அச்சொல்லின் வரலாற்றை அறிந்தபின் அவ்வாறு கூற நமக்கு நா எழவில்லை.

கிரேக்கத்தில் 'தாலன்டன்' என்பது தராசையும், ஓர் எடையளவையும், அவ்வெடையுள்ள வெள்ளியின் மதிப்பையும் குறித்தது. ஏதென்ஸ் நகர அளவையில் அது ஏறத்தாழ 26 கிலோ. 6000 திராக்மா நாணயங்களுக்கு ஈடு.

பணத்தின் பெயர் திறமையின் பெயரானதற்கு மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்திலுள்ள உவமையே காரணம். பயணம் புறப்படும் எஜமானர் ஒருவர், ஊழியர் மூவரிடம் அவரவர் ஆற்றலுக்கேற்ப ஐந்து, இரண்டு, ஒன்று எனத் தாலந்துகளை ஒப்படைக்கிறார். முதலிருவரும் அவற்றை இரட்டிப்பாக்குகின்றனர். மூன்றாமவரோ அஞ்சி மண்ணில் புதைத்து வைக்கிறார், கண்டனத்துக்கு ஆளாகிறார். விளக்கவுரையாளர்கள் தாலந்தை இறைவன் ஒப்படைத்த ஆற்றலாகக் கொண்டனர். 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் அப்பொருள் இடம்பெற்றது.

இன்றைய வழக்கில், பயிற்சியால் கைவருவது 'ஸ்கில்'. இயல்பில் அமைவது 'டேலன்ட்'. திறமை படைத்தவரை 'டேலன்டட்' என்பர். வினையே இல்லாத பெயர்ச்சொல்லிலிருந்து இவ்வடிவை ஆக்கியது முறையன்று எனக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1832இல் கண்டித்தார். எனினும் வழக்கே வென்றது.

அரபியில் இதற்கு நேரான சொல் 'மவ்ஹிபா'. 'வஹப', அதாவது 'கொடையாக அளித்தான்' என்னும் வினையடியிலிருந்து பிறந்தது அது. 'அல்வஹ்ஹாப்' என்னும் இறைத்திருநாமமும் அவ்வடியினதே. இதனோடு வைத்து எண்ணத்தக்க மற்றொரு சொல் 'மலகா'. மீண்டும் மீண்டும் செய்வதால் உள்ளத்தில் வேரூன்றும் ஆற்றலை அது குறிக்கும். மொழியறிவும் கைத்தொழிலைப் போன்றதொரு மலகாவே என்பது, 1377இல் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூனின் கருத்து. ஆகவே, அம்மாணவருக்குத் தேவைப்பட்டது பயிற்சியே; நாம் வழங்கியதோ தீர்ப்பு.

மேற்கண்ட உவமையில் ஒன்றுமே பெறாதவர் எவருமிலர். மிகக் குறைவாகப் பெற்றவரிடமும் பெருந்தொகை இருந்தது. குறைவாகப் பெற்றது அவர் குற்றமன்று. அச்சத்தால் புதைத்ததே குற்றம். அவ்வச்சத்தை மாணவர் உள்ளத்தில் விதைக்காதிருப்பது ஆசிரியராகிய நம் கடமையாகும்.