ஐம்பது மீட்டர்

மும்பையை அடுத்த புறநகர் ஒன்றில், இரயில் நிலையத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் இடையே எங்கள் குடியிருப்புச் சாலை ஓடுகிறது. இருபுறமும் ஆறேழு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்கள். ஒரு பால்கடை, ஒரு வடாபாவ் தள்ளுவண்டி, முனையில் ஒரு மழலையர் பள்ளி. முதன்மைச் சாலையில் சிக்னல் வைத்த நாள்முதல், அங்கே நிற்கப் பொறுமையில்லாத வண்டிகள் எல்லாம் எங்கள் சாலையைக் குறுக்குவழியாகக் கொண்டன. சாலை குண்டும் குழியுமாகக் கிடந்தவரை அதுவே ஓரளவு காவலாக இருந்தது. புதிதாகக் கான்கிரீட் தளம் அமைத்துத் தந்தபோது இனிப்பு வழங்கி மகிழ்ந்தோம். வேகம் அன்றுதான் தொடங்கியது என்பது பின்னரே எங்களுக்கு விளங்கியது.

ஒரு நாள் காலை, பால் வாங்குவதற்காகச் சாலையைக் கடந்த முதியவர் ஒருவரை இருசக்கர வாகனம் மோதித் தள்ளியது. இடுப்பெலும்பு முறிந்தது. அன்று மாலை கூடிய கூட்டத்தில் பேச்சு நீளவில்லை. கட்டட வேலை நடந்த இடத்திலிருந்து சிமெண்டும் ஜல்லியும் வந்தன. ஒரு சாணுக்குச் சற்றே குறைந்த உயரத்தில், ஒன்றரை அடி அகலத்தில், இரவோடு இரவாக ஒரு மேடு எழுந்தது. எவரிடமும் அனுமதி பெறவில்லை. வர்ணம் பூசவும் தோன்றவில்லை. ஒன்பதாம் நாள் இரவு மின்தடை. ஸ்கூட்டரின் பின்னிருக்கையிலிருந்து தூக்கி எறியப்பட்ட பெண்ணை ஓடிச்சென்று தூக்கியபோதுதான், அவர் எதிர் வரிசைக் கட்டடத்தில் குடியிருப்பவர் என்று தெரிந்தது. மணிக்கட்டு முறிந்து, முன்பற்கள் இரண்டு போயிருந்தன. அந்த மேட்டைக் கட்டிய கைகளில் எங்கள் கைகளும் உண்டு என்பதை இங்கே மறைப்பதற்கில்லை.

இது எங்கள் ஒரு தெருவின் அறியாமை மட்டுமன்று. 2015ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் புள்ளிவிவரப்படி, வேகத்தடைகள் தொடர்பான விபத்துகளில் மட்டும் நாடெங்கும் 3,409 பேர் உயிரிழந்தனர். காப்பதற்கென்று கட்டியதே கொல்கிறது! வேகத்தடைக்கு இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்னும் அமைப்பு நெடுங்காலத்துக்கு முன்பே அளவு வகுத்திருக்கிறது. அகலம் 3.7 மீட்டர், நடுவில் உயரம் 10 சென்டிமீட்டர், வில்போல மெல்ல எழுந்து மெல்லத் தாழவேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வருபவருக்கு அது உறுத்தாது. அதற்கு மேல் வருபவருக்கே குலுக்கல். 40 மீட்டர் முன்பாக எச்சரிக்கைப் பலகையும், மேட்டின்மீது கறுப்பு வெள்ளைப் பட்டைகளும் வேண்டும். எங்கள் மேட்டுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. மறுநாளே கடப்பாரை கொண்டு அதை உடைத்தோம்.

உடைத்தபின் என்ன செய்வது? பொறியாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற அண்டைவீட்டார் ஒருவர், “வேகமாகப் போகிறார்கள் என்கிறீர்கள். எவ்வளவு வேகம் என்று எழுதிக் காட்டினால் அதிகாரி படிப்பார், கூச்சலிட்டால் காதைப் பொத்திக்கொள்வார்” என்றார். அவர் சொல்லித் தந்த முறைக்குச் செலவு ஒரு சாக்பீஸ்தான். சாலையோரத்தில் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் இடவேண்டும். முதல் கோட்டை வண்டி தொடும்போது கைப்பேசியில் உள்ள ஸ்டாப்வாட்சை அழுத்தி, இரண்டாம் கோட்டில் நிறுத்தவேண்டும். 6 விநாடி ஆனால் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். 5 விநாடி என்றால் 36. 4 விநாடி என்றால் 45. 3 விநாடியில் கடந்துவிட்டால் 60. ஒருவர் நேரம் பார்க்க, ஒருவர் எழுத, சுவரோரமாக நாற்காலி போட்டு அமர்ந்து ஒரு வாரம் காலையும் மாலையும் கணக்கெடுத்தோம். பள்ளிப் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு உதவினர்.

இந்த 30க்கும் 60க்கும் உள்ள வேற்றுமை, எண்ணிக்கையில் காண்பதைவிடப் பெரிது. குறுக்கே ஒரு குழந்தை ஓடிவருவதைக் கண்டு பிரேக்கை மிதிக்கவே ஓட்டுநருக்கு ஒரு விநாடியேனும் ஆகிறது. 30 கிலோமீட்டர் வேகத்தில் அந்த விநாடிக்குள் வண்டி 8 மீட்டர் நகர்ந்து, மேலும் 5 மீட்டர் அளவில் நின்றுவிடும். 60 கிலோமீட்டர் வேகத்திலோ அந்த விநாடியே 16 மீட்டருக்கு மேல் விழுங்கிவிடும். பிரேக் பிடித்தபின் மேலும் ஏறத்தாழ 20 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்ற பள்ளிப்பாடம் இங்கே எலும்பில் எழுதப்படுகிறது. 2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் பாதசாரிகள் மட்டும் 32,825 பேர். அவ்வாண்டின் சாலை மரணங்களில் பத்தில் ஏழுக்கு மேற்பட்டவை அதிவேகத்தால் நேர்ந்தவை என்கிறது அரசின் அறிக்கை.

எங்கள் குறிப்பேட்டில், 4 விநாடிக்குள் கடந்த வண்டிகளே மிகுதியாக இருந்தன. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது ஒன்றும் இருந்தது. வேகமாகச் சென்ற வண்டிகளின் எண்களைப் பார்த்தபோது, அவற்றுள் பல எங்கள் சங்கங்களின் வாகன நிறுத்தத்தில் நாள்தோறும் நிற்பவை! ‘வெளியார் வந்து அழிக்கிறார்கள்’ என்று அதுவரை பேசிவந்தோம். உணவு கொண்டுவரும் இளைஞர்களையும் ஏசிவந்தோம். அவர்களைக் கைப்பேசியில் அழைத்து ‘இன்னும் வரவில்லையா?’ என்று விரட்டியவர்களும் நாங்களே. அந்தக் கூட்டம் சற்று அமைதியாகவே நடந்தது.

பின்னர் மனு எழுதினோம். ஏழு சங்கங்களின் முத்திரை, ஒரு வாரக் கணக்கு, நிழற்படங்கள், சாலையின் கைவரைபடம் ஆகியவற்றை இணைத்தோம். வார்டு அலுவலகம் போக்குவரத்துக் காவல்துறையைக் காட்டியது. காவல்துறை வார்டு அலுவலகத்தைக் காட்டியது. இந்த ஊஞ்சலாட்டத்தில் எங்களுக்குக் கைகொடுத்த செய்தி ஒன்றைத் தமிழ் வாசகர்கள் சிறப்பாக அறியவேண்டும். கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு சிகிச்சை வல்லுநர் டாக்டர் எஸ்.ராஜசேகரன், சாலை விபத்துகளைக் குறைக்க நடவடிக்கை வேண்டி 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில் 2017 நவம்பர் 30 அன்று வந்த தீர்ப்பு, மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்கப்படவேண்டும் என்று பணித்தது. அறுவை மேசையில் உடைந்த எலும்புகளைக் கண்டவர் தொடுத்த வழக்கு, எங்கள் மனுவுக்கும் ஒரு முகவரி தந்தது. மனுவின் படி ஒன்றை மாவட்டக் குழுவுக்கும் அனுப்பினோம்.

ஒன்பது மாதங்கள் கழிந்தன. முறையான அளவில் இரண்டு வேகத்தடைகள் வந்தன. பள்ளி வாயிலில் பாதசாரிக் கோடுகள் வந்தன. இவற்றைவிட நற்பயன் தந்தது, நாங்கள் கேட்கத் தயங்கிய மூன்றாவது கோரிக்கை. நெடுஞ்சாலையிலிருந்து எங்கள் சாலைக்குள் திரும்பும் முனை மிக அகன்றிருந்ததால், வண்டிகள் வேகம் குறைக்காமலே வளைந்து நுழைந்தன. அங்கே தடுப்புக் கம்பங்கள் நட்டு முனையைக் குறுக்கினார்கள். தில்லியின் பால்ஸ்வா சந்திப்பில், சேவ்லைஃப் அறக்கட்டளை வண்ணப்பூச்சும் தற்காலிகத் தடுப்புகளும் கொண்டு இவ்வகைப் பரிசோதனை ஒன்றை நடத்தியதைப் படித்தே அதைக் கேட்டிருந்தோம். ‘மெதுவாகச் செல்க’ என்ற பலகையை எவரும் படிப்பதில்லை. குறுகிய வளைவை எல்லாரும் படிக்கிறார்கள்.

இடையில் ஒன்று சொல்லவேண்டும். மணிக்கட்டு முறிந்த பெண்மணிக்காக அலைந்தபோது, எங்களுள் பலர் விபத்துக் காப்பீடு எதுவும் இல்லாதவர்கள் என்று தெரியவந்தது. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய்தான். 18 முதல் 70 வயது வரையுள்ளோர் வங்கிக் கணக்கு வழியாகச் சேரலாம். விபத்தில் மரணமோ முழு நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 2 இலட்சம் ரூபாய். சேர்ந்திருந்த சிலருக்கும், தொகை பிடிக்கும் நாளில் கணக்கில் இருப்பு இல்லாமல் காப்பீடு விட்டுப்போயிருந்தது. எங்களுள் இருவர் வங்கிப் பணியாளர்கள். அவர்களுக்கு அது வெட்கமாகவே இருந்தது. அடுத்த ஞாயிறன்று பால்கடை முன் மேசை போட்டுப் படிவங்களை நிரப்பித் தந்தனர்.

எல்லாருக்கும் மகிழ்ச்சி என்று சொல்வதற்கில்லை. வேகத்தடைக்கு எதிர்வீட்டார், வண்டிகள் இறங்கி ஏறும் ஓசையில் உறக்கம் போகிறது என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. முதியவர் இப்போது கைத்தடியுடன் பாதசாரிக் கோட்டின்மீது நடந்து சென்றே பால் வாங்குகிறார். கோடுகளும் பட்டைகளும் இரண்டு பருவமழைகளில் கரைந்துவிட்டன. மீண்டும் வர்ணம் பூசக் கோரி வார்டு அலுவலகத்துக்கு எழுதியாயிற்று. வரும் ஞாயிறு காலை, சாக்பீஸ் கோடுகளை மறுபடியும் இடப்போகிறோம்.