போர் மோட்டாரும் ஒரு சிறு டிரான்சிஸ்டரும்

தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம் பக்கத்துத் தோட்டங்கள் பலவற்றுக்குப் பல நூறு அடி ஆழத்துப் போர்தான் தண்ணீர் தருகிறது. மும்முனை மின்சாரம் பகலில் சில மணி, இரவில் சில மணி என்று முறை வைத்து வரும் இடத்தில், கைபேசியிலிருந்தே மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் உதவும் மொபைல் ஸ்டார்ட்டரை ஆடம்பரம் என்று சொல்ல முடியாது. அதற்குள் கட்டளையைப் புரிந்துகொள்வது மைக்ரோகன்ட்ரோலர் என்ற சில்லு. அதன் ஒரு கால் பாதுகாப்பாகத் தரக்கூடியது பெரும்பாலும் 20 மில்லி ஆம்பியருக்குள்தான். 7.5 குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டாரோ ஓடும்போது 12 முதல் 15 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும்போது அதைப்போல் ஐந்தாறு மடங்கு. இந்த இடைவெளியைப் பெரிய ரிலே ஒன்றால் ஒரே தாவலில் கடந்துவிடலாம் என்று தோன்றும். அது தவறு. படிப்படியாகத்தான் ஏற வேண்டும். முதல் படியான டிரான்சிஸ்டரில் காட்டும் அக்கறையே மற்றவற்றைக் காக்கும்.

ரிலே என்பது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச். 30 ஆம்பியர் தாங்கும் 12 வோல்ட் ரிலே ஒன்றின் காயிலுக்குச் சுமார் 155 ஓம் தடை இருந்தால், அது 77 மில்லி ஆம்பியர் கேட்கும். சில்லின் கால் அதைத் தராது. தரும் மின்னழுத்தமும் 3.3 அல்லது 5 வோல்ட்தான். மடைப்பலகையைத் தூக்கச் சிறு விசை போதும், பாயும் நீரின் வேகம் ஏரியுடையது, டிரான்சிஸ்டரும் அப்படித்தான். காயிலின் ஒரு முனை 12 வோல்ட்டுக்கு, மறுமுனை என்பிஎன் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கு, எமிட்டர் கிரவுண்டுக்கு. சில்லின் கிரவுண்டும் 12 வோல்ட் சப்ளையின் கிரவுண்டும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். டிரான்சிஸ்டர் முழுமையாகத் திறக்க, காயில் மின்னோட்டத்தில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 8 மில்லி ஆம்பியரை, சில்லின் காலிலிருந்து அதன் கட்டுப்பாட்டு முனையான பேஸுக்குக் கொடுப்பது நல்ல வழக்கம். 3.3 வோல்ட்டில் பேஸுக்கு 0.7 போனால் மீதி 2.6, அதற்குக் காலுக்கும் பேஸுக்கும் நடுவே 330 ஓம் ரெசிஸ்டர் பொருந்தும். 100 மில்லி ஆம்பியரே எல்லையான பிசி547 இங்கே விளிம்பில் நிற்கும், பிசி337 நிம்மதியானது. பேஸிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் போட வேண்டும். மின்சாரம் வரும்போதெல்லாம் சில்லு புதிதாக விழித்தெழுகிறது. நிரல் ஓடத் தொடங்கும் வரை அதன் கால் எந்த நிலையிலும் சேராமல் மிதக்கும். அந்த நொடியில் ரிலே தவறி இழுக்காமல் இந்த ரெசிஸ்டர் பார்த்துக்கொள்ளும்.

காயிலை நிறுத்தும்போதுதான் ஆபத்து. அதில் தேங்கிய காந்த ஆற்றல் சட்டென்று போக வழியில்லாமல் நூற்றுக்கணக்கான வோல்ட்டாக எழும்பும். நாற்பது, ஐம்பது வோல்ட் தாங்கும் டிரான்சிஸ்டர் அதில் பழுதாகும். வெள்ளைக் கோடு 12 வோல்ட் பக்கம் இருக்கும்படி 1என்4007 டயோடைக் காயிலுக்குக் குறுக்கே வைத்தால் அந்த ஆற்றல் காயிலுக்கும் டயோடுக்கும் இடையிலேயே சுற்றி அடங்கும். டயோடு வைத்தால் ரிலே விடுவது சில மில்லி நொடி தாமதமாகும், கான்டாக்டில் தீப்பொறி நீளும் என்று சிலர் மறுப்பார்கள். தாமதம் உண்மைதான். ஆனால் அது உறுத்துவது, ரிலேயே மோட்டாரின் மின்னோட்டத்தை நேரடியாக அறுக்கும்போதுதான். மோட்டாரின் மின்னோட்டத்தைச் சுமக்கும் பெரிய சுவிட்சான, ஸ்டார்ட்டரின் கான்டாக்டர் காயிலை மட்டும் ரிலே இயக்கினால், அங்கே ஓடுவது ஓர் ஆம்பியருக்கும் வெகு குறைவு.

இதனாலேயே படிகள் வேண்டும் என்கிறேன். 30 ஆம்பியர் ரிலே மோட்டாரை நேராகச் சுமந்தால், கிளம்பும் மின்னோட்டத்தில் கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளக்கூடும். பிறகு நிறுத்தச் சொன்னாலும் மோட்டார் நிற்காது, நீர் வற்றிய போரிலும் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று ஃபேஸையும் ஒன்றாக அறுப்பதற்கென்றே செய்யப்பட்டது கான்டாக்டர். உறுப்புகள் கூடினால் பழுதும் கூடுமே என்றால், பழுதானது எது என்பதையும் பார்க்க வேண்டும்: டிரான்சிஸ்டர் சில ரூபாய், நீர்மூழ்கி மோட்டாரை மேலே இழுத்துக் காயில் கட்டுவது ஆயிரங்கள். அசையும் உறுப்பே இல்லாத சாலிட் ஸ்டேட் ரிலேயும் எளிய மாற்று அல்ல; 15 ஆம்பியரில் ஒவ்வொரு ஃபேஸிலும் 15 வாட் அளவு வெப்பம் எழும், பழுதானால் பெரும்பாலும் மின்சாரம் பாயும் நிலையிலேயே நிற்கும்.

ஸ்டார்ட்டருக்குள் கான்டாக்டர் காயில் 240 வோல்ட்டா, 415 வோல்ட்டா என்று முதலில் பாருங்கள். 250 வோல்ட் என்று அச்சிட்ட சிறு ரிலேயை 415-இல் கோக்காதீர்கள். 12 வோல்ட் பக்கத்தை மாணவர்களும் செய்து பழகலாம். மும்முனைப் பக்கத்தை, மெயினை இறக்கிவிட்டு, உரிமம் பெற்ற எலக்ட்ரீசியன் மட்டுமே தொடட்டும்.