கடைசல் பட்டறையும் கரும்பலகையும்

பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் வீண், இரண்டு ஆண்டுகளே போதும் என்று வாதிட்டவர் ஜி.டி. நாயுடு. இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி 1945இல் ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கக் காரணமாக இருந்த அவர், அந்த யோசனை ஏற்கப்படாததால் அக்கல்லூரியின் முதல்வர் பொறுப்பையே உதறினார். இயந்திரங்களைக் கழற்றிப் பார்த்தே கற்றுக்கொண்டவரின் கோபம் அது. அதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் ஆண்டுகளைக் குறைப்பதால் மட்டும் வகுப்பறைக்கும் பட்டறைக்கும் இடையிலுள்ள தூரம் குறைந்துவிடாது.

லேத்தில் 20 மி.மீ. கம்பியைக் கடைந்து பழகிய மாணவர், சுழற்சியை மாற்றாமல் 40 மி.மீ. கம்பியை மாட்டினால் வெட்டும் வேகம் இரண்டு மடங்காகிவிடும். கார்பைடு டூலின் ஆயுளோ ஏறத்தாழ 16இல் ஒரு பங்காகச் சுருங்கும். கைப்பழக்கம் மட்டும் உள்ளவருக்கு டூல் ஏன் இவ்வளவு சீக்கிரம் மழுங்கியது என்று புரியாது. சூத்திரம் மட்டும் படித்தவருக்கு, அது மழுங்கிக்கொண்டிருப்பதை லேத்தின் சத்தத்தைக் கேட்டுக் கண்டுபிடிக்கத் தெரியாது. இந்த ஆயுள் கணக்கை 1907இல் வெளியிட்ட ஃபிரெடெரிக் டெய்லர், பிலடெல்பியா பட்டறையொன்றில் தொழில் பழகுநராக இருந்து வந்தவர். அதற்காக 26 ஆண்டுகள் உலோகத்தை வெட்டி வெட்டிச் சோதித்தார். பட்டறையில் பிறந்த அந்தச் சமன்பாட்டை நம் மாணவர்கள் பெரும்பாலும் லேத்தைத் தொடாமலேயே மனப்பாடம் செய்கிறார்கள்.

‘வேலைக்கு எடுக்கும் நிறுவனமே பயிற்சி கொடுத்துக்கொள்ளட்டும்’ என்பார்கள். நிறுவனம் தன்னிடமுள்ள இயந்திரத்துக்குத்தான் பழக்கும். கணினியால் இயங்கும் சிஎன்சி இயந்திரங்கள் வந்தபோது, வெட்டும் வேகத்தின் கணக்கை அறிந்த டர்னருக்கு அந்த மாற்றம் எளிதாக இருந்தது. கைப்பிடியை மட்டும் நம்பியவர் திணறினார். 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டமே, தொழில் பழகுநருக்கு அத்தொழில் சார்ந்த பாடமும் நடத்த வேண்டும் என்கிறது. ஜெர்மனியில் மூன்று, மூன்றரை ஆண்டுகள் தொழிற்சாலையில் பழகுபவர்கள் தொழிற்பள்ளிக்கும் போய்வருகிறார்கள்.

பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வியும் உண்டு. தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐக்களை நவீனப்படுத்த 2,877 கோடி ரூபாய்த் திட்டம் வகுக்கப்பட்டது. இயந்திரங்கள் வேண்டியவைதான். ஆனால் தேர்வு முறை பழையபடியே இருந்தால் அவற்றின் முன் நிற்கும் மாணவர் ஒரு செய்முறையை ஒப்பிப்பார், அவ்வளவுதான். தேர்வை மாற்றப் பெரிய செலவில்லை. கடைந்த துண்டின் அளவு சரியா என்று பார்ப்பதோடு, ஏன் இந்த வேகம், கம்பி தடித்தால் என்ன செய்வாய் என்றும் கேட்டு மதிப்பெண் போடலாம். எழுத்துத் தேர்வில் தேய்ந்த டூலின் படத்தைக் கொடுத்துக் காரணம் கேட்கலாம். பாடத்திட்டக் குழுவினர் அடுத்த திருத்தத்திலேயே இந்த இரண்டையும் சேர்க்க வேண்டும்.