பாதிப் பாடம் கைப்பேசியில், பாதிப் பாடம் பொம்மையில்

வார்டில் நோயாளி பேச்சு மூச்சின்றிக் கிடக்கிறார். நாடி பிடிபடவில்லை. டாக்டர் வேறு மாடியில் இருக்கிறார். பக்கத்தில் நிற்பவர் நர்ஸ் மட்டுமே. இதயம் நின்றால் நாலைந்து நிமிடத்தில் மூளை கெடத் தொடங்கிவிடும். அதுவரை நோயாளியின் நெஞ்சை அழுத்தி ரத்தத்தை ஓட வைக்க வேண்டியவை அந்த நர்ஸின் இரு கைகள்தான்.

இந்தக் கைவேலைக்கு சி.பி.ஆர். என்று பெயர். நெஞ்சைக் கீறாமல் வெளியிலிருந்து அழுத்தியே இதயத்துக்கு வேலை கொடுக்கலாம் என்று 1960-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த மூவர் எழுதினார்கள். அவர்களில் மூத்தவரான கூவன்ஹோவன் மின்சார இஞ்சினீயர் என்பது பலருக்குத் தெரியாது. அதே ஆண்டில் நார்வே நாட்டில் விளையாட்டுப் பொம்மை செய்துவந்த லேர்டால், பயிற்சிக்கென்றே ஆளுயரப் பொம்மை ஒன்றைச் செய்தார். அதன் வழிவந்த பொம்மைகளில்தான் இன்றும் நர்ஸ்கள் பழகுகிறார்கள்.

முன்பெல்லாம் இந்தப் பயிற்சிக்கு வகுப்பில் போய் உட்கார்ந்தாக வேண்டும். இப்போது அமெரிக்க இதயச் சங்கம் 'ஹார்ட்கோட்' என்ற பெயரில் பாடத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறது. முதல் பாதியைக் கைப்பேசியிலோ கம்ப்யூட்டரிலோ வீட்டிலிருந்தே படிக்கலாம். அதை முடித்ததற்கான அத்தாட்சியுடன் பயிற்சி மையத்துக்குப் போய்ப் பொம்மையில் செய்து காட்டித் தேறினால்தான் கார்டு கிடைக்கும். கார்டுக்கு ஆயுள் இரண்டு வருடம்.

நைட் டியூட்டி பார்க்கும் பெண்களுக்கு இது பெரிய வசதி. தமிழ்வழியில் படித்துவிட்டு மும்பைக்கும் டில்லிக்கும் வேலைக்கு வந்தவர்களுக்கு இன்னும் நல்லது. வகுப்பில் ஆங்கிலம் வேகமாக ஓடினால் எழுந்து கேட்கக் கூச்சமாக இருக்கும். கைப்பேசியில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

கைக்குத் தெரிய வேண்டும்

ஆனால் எவ்வளவு விசையில் அழுத்துவது என்பதைத் திரை சொல்லித் தராது. பெரியவர்களுக்கு நெஞ்சு 5 செ.மீ. இறங்க வேண்டும், 6 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இதையெல்லாம் மனப்பாடமாக ஒப்பிக்கிறவர்கூட, பொம்மையின் மேல் கை வைத்ததும் 3 செ.மீ.யோடு நின்றுவிடலாம். விலா எலும்பு முறிந்துவிடுமோ என்ற பயந்தான் காரணம். இன்னும் சிலர் கையின் பாரத்தை எடுக்காமல் நெஞ்சின் மேலேயே சாய்ந்துவிடுவார்கள். நெஞ்சு முழுதும் எழும்பினால்தான் இதயத்தில் ரத்தம் நிறையும்.

களைப்பும் ஒரு எதிரி. இரண்டு நிமிடத்தில் தோள் சோர்ந்து ஆழம் குறைந்துவிடும். அழுத்துகிறவருக்கே அது தெரியாது. அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும் என்பது விதி. ஆழத்தையும் வேகத்தையும் உடனுக்குடன் காட்டும் கருவி பொம்மையில் இருக்க வேண்டும் என்று 2019-ல் அச்சங்கம் கட்டாயமாக்கியது.

காகிதத்துக்குப் பணமா?

கைப்பயிற்சியே இல்லாமல், "முழுதும் ஆன்லைன், உடனே சர்டிபிகேட்" என்று ஆசை காட்டும் விளம்பரங்கள் உலவுகின்றன. அந்தக் காகிதத்தை இதயச் சங்கம் ஏற்பதில்லை. வயிற்றைக் கட்டி மகளை நர்சிங் படிக்க வைத்த பெற்றோர் இந்த வலையில் விழ வேண்டாம். பணம் கட்டுமுன் சில கேள்விகள் கேட்கலாம். பயிற்றுநர் நேரில் இருப்பாரா? பெரியவர் பொம்மையோடு கைக்குழந்தைப் பொம்மையும் உண்டா? மின் அதிர்ச்சி தரும் ஏ.இ.டி. பெட்டியின் பயிற்சி மாதிரி இருக்கிறதா?

கார்டு வாங்கியவர்களுக்கும் ஒன்று. கை பழகிய வித்தை சில மாதங்களிலேயே மங்கத் தொடங்குகிறது. ஆஸ்பத்திரியில் பயிற்சிப் பொம்மை அலமாரியில் பூட்டிக் கிடந்தால், சாவியைக் கேட்டு வாங்கி, மாதம் ஒரு முறையாவது இரண்டு நிமிடம் அழுத்திப் பார்க்கலாம்.